டீச், டோட், படிப்பித்தல்: ஓர் ஆங்கில வினைச்சொல்லுக்கு முழு வழிகாட்டி

“அப்பா எனக்கு நீந்தப் பழக்கினார்.”

உவர்மலையில் என் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் இங்கிலீஷ் வகுப்பு நடக்கிறது. ஒருநாள் இந்த வரியைப் பலகையில் எழுதி, இதை இங்கிலீஷில் எழுதித் தாருங்கள் என்றேன். ஓ.எல் என்ற சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிற ஏழு பிள்ளைகள். கடல் நடந்துபோகிற தூரத்தில் இருக்கிற திருகோணமலையில் நீச்சல் ஒரு புதுச் சங்கதி இல்லை. ஐந்து நிமிடத்தில் ஏழு தாளும் வந்துவிட்டன. அவற்றில் ஆறு பிழை, அதுவும் ஆறு விதமான பிழை.

முதல் தாளில் “மை ஃபாதர் டீச்ட் மீ டு ஸ்விம்”. இரண்டாவதில் “மை ஃபாதர் டோட் டு மீ ஸ்விம்மிங்”. மூன்றாவதில் “மை ஃபாதர் லேர்ன்ட் மீ டு ஸ்விம்”. நான்காவதில் “மை ஃபாதர் டோட் மீ ஸ்விம்”. ஐந்தாவதில் “மை ஃபாதர் தோட் மீ டு ஸ்விம்”. ஆறாவதில் “மை ஃபாதர் ப்ராக்டிஸ்ட் மீ டு ஸ்விம்”. ஏழாவது தாள் கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிற பெடியனுடையது: “மை ஃபாதர் டோட் மீ டு ஸ்விம்.” அது சரி.

அந்த ஆறு பேரும் சோம்பேறிகள் இல்லை. அநேகமான பிழைகளில் நம்முடைய தமிழ் பின்னால் நின்று தள்ளியிருக்கிறது. எங்கே தள்ளுகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதனால் இந்த வழிகாட்டியை அந்த ஏழு தாள்களை வைத்தே எழுதுகிறேன். இங்கிலீஷ் வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டு வாசியுங்கள், காது பிடித்துக்கொள்ளும்.

முதல் படி: சொல்லின் அடிவேர்

‘டீச்’ என்றால் கற்பித்தல், படிப்பித்தல் என்று அகராதி சொல்லும். அது இன்றைய பொருள். ஆயிரம் வருடங்களுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் முதற்பொருள் ‘காட்டு’. ஒன்றைச் சுட்டிக் காட்டுவது. அடையாளம் என்ற பொருளில் வரும் ‘டோக்கன்’ இதே வீட்டுச் சொல். காட்டு என்பதற்கு ஜெர்மன்காரர் சொல்லும் ‘ட்ஸைகன்’ கூட இதன் உறவுதான்.

இன்னும் பின்னால் போனால் விஷயம் நம் வீட்டுப் பக்கம் வருகிறது. சமஸ்கிருதத்தில் ‘திஶ்’ என்று ஒரு வேர், பொருள், காட்டு. அதிலிருந்து வந்தவைதான் நாம் நாளாந்தம் புழங்கும் திசை, உபதேசம் எல்லாம். மடங்களில் குருமாரைத் தேசிகர் என்கிறோமே, அதுவும் அங்கிருந்துதான்: வழி காட்டுபவர். இந்தச் சமஸ்கிருத வேரும் ‘டீச்’ என்பதன் வேரும் ஒரே மூதாதையின் பிள்ளைகள் என்று மொழியியலாளர் சொல்கிறார்கள். லத்தீன் வழியாக வந்த ‘டிக்‌ஷனரி’யும், சுட்டுவிரலைக் குறிக்கும் ‘இண்டெக்ஸ் ஃபிங்கர்’ என்பதில் உள்ள ‘இண்டெக்ஸ்’ஸும் அதே குடும்பம். கோணேசர் கோயிலில் உபதேசம் கேட்கிறவரும் பக்கத்து டியூட்டரியில், அதாவது தனியார் வகுப்பில், ‘டீச்சிங்’ கேட்கிறவரும் தூரத்துச் சொந்தக்காரச் சொற்களைத்தான் கேட்கிறார்கள்.

இதைச் சும்மா அழகுக்குச் சொல்லவில்லை. காட்டுவது என்றால் யாருக்கு, எதை என்ற இரண்டும் வேண்டும். ‘டீச்’ என்ற வினையின் முழு இலக்கணமும் இந்த இரண்டையும் எந்த ஒழுங்கில் வைப்பது என்பதில்தான் இருக்கிறது.

(இடையில் ஒன்று: தமிழில் ‘காட்டித் தந்தார்’ என்றால் உதவி, ‘காட்டிக் கொடுத்தார்’ என்றால் துரோகம், ‘சொல்லிக் காட்டினார்’ என்றால் குத்தல். இங்கிலீஷ்காரன் தமிழ் படிக்க வந்தால் அவனுக்கும் ஏழு தாளில் ஆறு பிழைதான்.)

இரண்டாம் படி: வடிவங்களை வாய்க்குப் பழக்குதல்

முதல் தாளின் பிழை ‘டீச்ட்’. இது ஒழுங்கற்ற வினை. நிகழ்காலத்தில் ‘டீச்’, அவன், அவள், அது வந்தால் ‘டீச்சஸ்’. இறந்தகாலம் ‘டோட்’, ‘ஹாவ்’ முன்னால் வந்தாலும் ‘டோட்’. தொடர்வது ‘டீச்சிங்’. வேறு வடிவம் இல்லை.

எழுத்துக்கூட்டலில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவார்கள். இதே ஓசையில் முடியும் இறந்தகால வினைகள் ஒரு கூட்டம் இருக்கின்றன: பிரிங், பை, திங்க், சீக், ஃபைட் என்பவற்றின் இறந்தகாலம் ப்ரோட், போட், தோட், சோட், ஃபோட். இவற்றில் ஓ, யூ, ஜீ, எச், டீ என்ற ஐந்து எழுத்தும் வரும். ‘டோட்’டில் மட்டும் ஓ இருக்கும் இடத்தில் ஏ. பிடிக்கிறது என்ற பொருளில் வரும் ‘கேட்ச்’சின் இறந்தகாலத்திலும் அப்படியே ஏ. ஏன் இந்த இரண்டிலும் மட்டும் என்று மண்டையை உடைக்க வேண்டாம், ஒரு குறுக்கு வழி இருக்கிறது. நிகழ்கால வடிவத்தில் ஏ என்ற எழுத்து இருந்தால் இறந்தகாலத்திலும் ஏ வரும். டீச், கேட்ச் இரண்டிலும் ஏ இருக்கிறது. மற்ற ஐந்திலும் இல்லை, அங்கே ஓ. இந்த வினைகள் அளவுக்கு இது பிசகவே பிசகாது.

அடுத்தது உச்சரிப்பு. ஐந்தாவது தாளில் ‘தோட்’ என்று எழுதிய பிள்ளைக்கு ‘டோட்’ தெரியாமல் இல்லை. காதில் இரண்டும் ஒன்றாக விழுந்திருக்கிறது. ‘தோட்’ என்றால் நினைத்தார். அப்பா என்னை நீந்த நினைத்தார் என்று ஒரு வினோதமான வாக்கியம் அது.

இங்கிலீஷின் ‘டீ’ ஓசை நம்முடைய ‘ட’வும் இல்லை, ‘த’வும் இல்லை. ‘ட’வுக்கு நாக்கு மேலண்ணத்தில் வளைகிறது, ‘த’வுக்குப் பல்லைத் தொடுகிறது. இங்கிலீஷ் ‘டீ’க்கு நாக்கு நுனி இரண்டுக்கும் நடுவில், மேற்பல்லுக்குப் பின்னால் இருக்கும் பல்லீறு மேட்டில் படவேண்டும். அப்படி ஒரு ஓசை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ‘காற்று’, ‘வெற்றி’ என்பவற்றைப் புத்தகத்தைப் பார்த்து நிதானமாக வாசித்துப் பாருங்கள். அந்த ‘ற்ற’வில் நாக்கு எங்கே போய் நிற்கிறதோ, அதே இடம்தான். இலங்கைத் தமிழில் ‘ரீச்சர்’, ‘ரியூசன்’, ‘ரிக்கற்’ என்று எழுதும் வழக்கம் வந்ததும் இந்த ஓசைக்குக் கிட்டப் போகத்தான். தமிழ்நாட்டு நண்பர்கள் அதைப் பார்த்துவிட்டு ‘ரீச்’ என்று வாசித்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். காரணம் நம் பக்கம் இருக்கிறது.

ஆக, ‘டோட்’ சொல்லும்போது நாக்கை ‘ற்ற’ இடத்தில் வையுங்கள். ‘தோட்’ சொல்லும்போது நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்துக் காற்றை விடுங்கள். இரவில் பத்துத் தரம் மாறி மாறிச் சொன்னால் ஒரு கிழமையில் வந்துவிடும்.

மூன்றாம் படி: ‘க்கு’ என்ற கண்ணி

இந்தப் படியில் கொஞ்சம் அதிக நேரம் நிற்போம். என் அனுபவத்தில் ‘டீச்’ போடும் நூறு பிழையில் எண்பதாவது இங்கேதான் விழும்.

தமிழில் எப்போதும் ‘எனக்கு’ப் படிப்பித்தார், ‘பிள்ளைகளுக்கு’ப் படிப்பித்தார், ‘ஒன்பதாம் ஆண்டுக்கு’ப் படிப்பிக்கிறார். அந்த ‘க்கு’ நம் மண்டையில் ‘டு’ என்று மொழிபெயர்ந்து உட்கார்ந்துவிடுகிறது. அப்படித்தான் இரண்டாவது தாளில் “டோட் டு மீ” வந்தது.

விதி இதுதான். வினைக்கு அடுத்து ஆள் வந்தால் ‘டு’ வராது. “ஷீ டோட் மீ இங்கிலிஷ்.” பொருள் முதலில் வந்து ஆள் பின்னால் போனால் மட்டும் ‘டு’ வரும். “ஷீ டோட் இங்கிலிஷ் டு மீ.” ஆள் வினையோடு ஒட்டி நின்றால் பாலம் தேவையில்லை, தள்ளிப் போய்விட்டால் பாலம் போடவேண்டும். கிண்ணியாப் பெடியனுக்கு இதைச் சொன்னபோது, “அப்ப பாலம் வாறதுக்கு முன்னம் பாதையில போன மாதிரி, சேர்” என்றான். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்த்த, ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையைத்தான் சொன்னான். முழுதாகப் பொருந்துகிறதா என்று எனக்குத் தெரியாது, ஆனால் அதன்பிறகு வகுப்பில் யாரும் “டோட் டு மீ” எழுதவில்லை.

பொருளின் இடத்தில் ‘இட்’ போன்ற குட்டிச் சொல் வந்தால் இரண்டாவது ஒழுங்குதான் காதுக்கு நன்றாக இருக்கும்: “டீச் இட் டு மீ.”

ஒரு வகுப்பைச் சொல்லும்போதும் இதே கதை. “ஐ டீச் கிரேட் நைன்” போதும். “ஐ டீச் டு கிரேட் நைன்” வேண்டாம். பாடத்தையும் சேர்க்கவேண்டுமென்றால் “ஐ டீச் இங்கிலிஷ் டு கிரேட் நைன்.” இடத்தைச் சொல்ல ‘அட்’ அல்லது ‘இன்’: “ஷீ டீச்சஸ் அட் அ ஸ்கூல் இன் மூதூர்.” ஆளும் பொருளும் இல்லாமல் “ஷீ டீச்சஸ்” என்று நிறுத்தினாலும் வாக்கியம் முழுமைதான், அவ ஆசிரியை என்று பொருள்.

இனி நான்காவது தாள்: “டோட் மீ ஸ்விம்.” ஒரு செயலைப் பழக்கினார் என்றால் ஆளுக்குப் பிறகு ‘டு’வும் வினையும் வரவேண்டும்: “டோட் மீ டு ஸ்விம்.” அல்லது “டோட் மீ ஹவ் டு ஸ்விம்.” இரண்டும் சரி. ‘ஹவ் டு’ வந்தால் முறையின் மேல் கண்: கையை எப்படி வீச, மூச்சை எப்போது எடுக்க. வெறும் ‘டு’ வந்தால் பெரும்பாலும் திறமை கைக்கு வந்தது. பழக்கவழக்கம், குணம் என்று வரும்போது ‘ஹவ்’வை விட்டுவிடுங்கள். பெரியவர்களை மதிக்க வீட்டில் பழக்கினார்கள் என்பதற்கு “மை பேரண்ட்ஸ் டோட் மீ டு ரெஸ்பெக்ட் எல்டர்ஸ்” என்பதே இயல்பு. செய்யாமல் இருக்கப் பழக்கினார்கள் என்றால் ‘டு’வுக்கு முன்னால் ‘நாட்’: “டோட் மீ நாட் டு லை.”

ஓர் உண்மையை, நம்பிக்கையைச் சொல்லும்போது ‘தட்’ வரும்: “வீ வேர் டோட் தட் த ஹார்பர் இஸ் வெரி டீப்.”

அந்தக் கடைசி வாக்கியத்தில் செயப்பாட்டு வினை வந்துவிட்டது. இங்கிலீஷில் ஆளையும் முன்னால் கொண்டுவரலாம், பொருளையும் கொண்டுவரலாம். “ஐ வாஸ் டோட் இங்கிலிஷ் பை மை ஆன்ட்.” “இங்கிலிஷ் இஸ் டோட் ஹியர்.” முதலாவதைத் தமிழில் அப்படியே சொல்லிப் பாருங்கள், ‘நான் இங்கிலீஷ் படிப்பிக்கப்பட்டேன்’ என்று கோணலாக வரும். அதனால்தான் நம் பிள்ளைகள் அந்தப் பக்கமே போவதில்லை. போகவேண்டும், படித்த இங்கிலீஷில் இது தாராளமாக வரும்.

இன்னொரு நுட்பம், இது எனக்கு மிகவும் பிடித்தது. “ஷீ டோட் மீ சிங்களா” என்பதற்கும் “ஷீ டோட் சிங்களா டு மீ” என்பதற்கும் வித்தியாசம் உண்டா? மொழியியலாளர் சிலர் உண்டு என்கிறார்கள். முதலாவதைக் கேட்கும்போது நான் சிங்களம் கற்றுவிட்டேன் என்ற நிழல் விழுகிறது. இரண்டாவதில் அவ படிப்பித்தா, எனக்கு வந்ததா இல்லையா என்பது திறந்தே கிடக்கிறது. இது கட்டாய விதி இல்லை, எல்லோரும் ஒத்துக்கொள்வதும் இல்லை. ஆனாலும் ‘படிப்பித்தேன், அவன்தான் படிக்கவில்லை’ என்று பெற்றாருக்குச் சொல்லவேண்டி வரும்போது நான் இரண்டாவது ஒழுங்கைத்தான் எடுப்பேன்.

நான்காம் படி: தமிழில் எந்தச் சொல், இங்கிலீஷில் எந்தச் சொல்

தமிழில் அறிவைக் கைமாற்ற நமக்கு ஒரு சொல் போதாது. பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பார்கள். சைக்கிள், சமையல், நீச்சல், தையல் எல்லாம் பழக்குவார்கள். வழியும் கணக்கும் சொல்லித் தருவார்கள். சமயத்தைப் போதிப்பார்கள். எழுதும்போது கற்பித்தல், பயிற்றுதல் என்று வரும். கூர்ந்து பார்த்தால் பெரும்பாலானவற்றில் ஒரு சோடி இருக்கிறது: படி, படிப்பி; பழகு, பழக்கு; கல், கற்பி. கற்கிறவனின் வினையைக் கொஞ்சம் திருகினால் கற்பிக்கிறவனின் வினை வந்துவிடுகிறது. சிங்களமும் அப்படியே: ‘உகன்னவா’ என்றால் கற்கிறது, ‘உகன்வனவா’ என்றால் கற்பிக்கிறது.

இந்த ஊரில் காதில் விழும் இரண்டு மொழியும் இப்படி என்றால், மூன்றாவதிலும் அப்படித்தான் இருக்கும் என்று மனம் நம்புகிறது. அதுதான் மூன்றாவது தாளின் “லேர்ன்ட் மீ”. இங்கிலீஷில் கற்பவனுக்கு ‘லேர்ன்’, கற்பிப்பவனுக்கு ‘டீச்’. சொல் வேறு, வேர் வேறு. ஒரு காலத்தில், ஷேக்ஸ்பியர் நாட்களில்கூட, ‘லேர்ன்’ என்பதைக் கற்பித்தல் என்ற பொருளிலும் சொன்னார்கள். இன்றும் சில வட்டார வழக்குகளில் அது உயிரோடு இருக்கிறது. பரீட்சைத் தாளில் மட்டும் அதைக் காட்டாதீர்கள்.

ஆறாவது தாளின் “ப்ராக்டிஸ்ட் மீ” வந்தது ‘பழக்கு’ என்ற சொல்லால். ‘பழகு’ என்பதற்கு ‘ப்ராக்டிஸ்’ என்று மனப்பாடம் செய்த பிள்ளை, ‘பழக்கு’ என்பதற்கும் அதையே நீட்டிவிட்டது. ‘ப்ராக்டிஸ்’ நான் செய்வது. இன்னொருவரைச் செய்விப்பது அல்ல. பழக்குவது சின்ன வேலை என்றால் ‘டீச்’. உடம்பும் நேரமும் செலவழித்து, ஒரு வேலைக்கோ போட்டிக்கோ ஆளைத் தயார்ப்படுத்துவது என்றால் ‘ட்ரெயின்’. நாயைப் பழக்குவதற்கும் பெரும்பாலும் ‘ட்ரெயின்’தான்.

‘சொல்லித் தாங்கோ’ என்பதில் இன்னொரு குழி. பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு “கோயிலுக்குப் போற வழியச் சொல்லித் தாங்கோ” என்று கேட்கிறோம். அதை “ப்ளீஸ் டீச் மீ த வே” என்று மாற்றினால், வெளிநாட்டுக்காரர் நீங்கள் ஏதோ ஆன்மிக வழி தேடுகிறீர்கள் என்று நினைப்பார். ஒரு தகவலைச் சொல்லிவிட்டுப் போவதற்கு ‘டெல்’. கையால் காட்டுவதற்கு, கூட்டிக்கொண்டு போவதற்கு ‘ஷோ’. புரியாத ஒன்றைப் பிரித்து விளக்க ‘எக்ஸ்ப்ளெயின்’, இந்த எக்ஸ்ப்ளெயினுக்கு மட்டும் ஆளுக்கு முன்னால் ‘டு’ கட்டாயம் வரும்: “எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ.” நேரம் எடுத்து, அறிவோ திறமையோ உள்ளே இறங்கினால்தான் ‘டீச்’.

கற்பிப்பது மனிதராக இருக்கவேண்டும் என்றும் இல்லை. “எக்ஸ்பீரியன்ஸ் டோட் மீ” என்று தாராளமாகச் சொல்லலாம். வகுப்பில் ஒரு பிள்ளை “த சீ டோட் மீ டு ஸ்விம்” என்று எழுதலாமா என்று கேட்டது. எழுதலாம். கட்டுரைத் தாளில் எழுதினால் திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஐந்தாம் படி: பக்கத்து வீட்டுச் சொற்கள்

‘கோச்’ என்பதன் கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. ஹங்கேரியில் கோச் என்று ஒரு கிராமம். அங்கே செய்த குதிரைவண்டிகள் பேர்போனவை. வண்டிக்கும் அந்தப் பேரே ஆயிற்று. பிறகு 1830களில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட் மாணவர்கள், பரீட்சைக்குத் தயார்ப்படுத்தும் ஆசிரியரைக் கிண்டலாக ‘கோச்’ என்றார்கள்: பரீட்சை என்ற மேட்டைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போகும் வண்டி. விளையாட்டுக்கு வந்தது அதற்குப் பிறகு. இன்று கோச் என்றால் விளையாட்டு, அல்லது ஒரு குறிப்பிட்ட இலக்குக்காக ஆளோடு ஆளாக நின்று பயிற்றுவது.

‘இன்ஸ்ட்ரக்ட்’ கொஞ்சம் விறைப்பான சொல். ஓட்டுநர் பயிற்சியில் வரும். கட்டளையிடுதல் என்றும் பொருள். “த டாக்டர் இன்ஸ்ட்ரக்டட் மீ டு ரெஸ்ட்” என்றால் வைத்தியர் பாடம் நடத்தவில்லை, ஓய்வெடுக்கச் சொன்னார். ‘எஜுகேட்’ மொத்த வளர்ப்பு. ஒரு பாடத்தோடு நிற்காது. “ஷீ எஜுகேட்டட் மீ இங்கிலிஷ்” என்று ஒருபோதும் எழுத வேண்டாம். ‘லெக்சர்’ பல்கலைக்கழகத்தில் விரிவுரை, வீட்டில் புத்திமதி. ‘ட்யூட்டர்’ தனியாக அல்லது சிறு குழுவாகப் படிப்பிப்பது.

அந்த ட்யூட்டரிலிருந்து நாம் உண்டாக்கிய ‘டியூட்டரி’ என்ற சொல் இலங்கையில் எல்லோருக்கும் தெரியும். லண்டனில் சொன்னால் விளங்காது. ‘ட்யூஷன்’ என்றாலும் கவனம் தேவை. பிரித்தானியாவில் அது கற்பித்தல். அமெரிக்காவில் அநேகமாகக் கட்டணத்தைக் குறிக்கும். அங்கே ஒருவர் “ட்யூஷன் இஸ் ஹை” என்றால், காசு கூட என்கிறார்.

‘இம்பார்ட்’ என்று ஒரு பெரிய சொல்லையும் பிள்ளைகள் விண்ணப்பக் கடிதங்களில் அள்ளிப் போடுகிறார்கள். அறிவைப் பகிர்ந்து வழங்குதல் என்று பொருள். இதில் ஆள் முன்னால் வரவே முடியாது. “இம்பார்ட் நாலெட்ஜ் டு ஸ்டூடன்ட்ஸ்” சரி. “இம்பார்ட் ஸ்டூடன்ட்ஸ் நாலெட்ஜ்” பிழை. என்னைக் கேட்டால், கடிதத்தில் ஒரு தரம் போட்டால் போதும். பேச்சில் போட்டால் மேடையில் நிற்கிறவர் மாதிரி இருக்கும்.

ஆறாம் படி: காலம், நேர்முகம், என் அவமானம்

“ஐ டீச் இங்கிலிஷ்” என்றால் அது என் தொழில். “ஐ ஆம் டீச்சிங் கிரேட் நைன் திஸ் டேர்ம்” என்றால் இந்தத் தவணைக்கு மட்டும். நம்மவர்கள் இரண்டுக்கும் ‘ஐ ஆம் டீச்சிங்’தான் சொல்வார்கள்.

சில வருடங்களுக்கு முன் நகரத்தில் ஓர் அலுவலகத்தில் இங்கிலீஷ் பயிற்றுநர் வேலைக்கு நேர்முகத்துக்குப் போனேன். வெள்ளைச் சேர்ட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு, முதல் கேள்விக்கே “ஐ ஆம் டீச்சிங் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்” என்றேன். மூன்று பேரில் நடுவில் இருந்தவர் பேனையைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் மரியாதைக்குக் கேட்ட கேள்விகள். வேலை கிடைக்கவில்லை.

‘ஐந்து வருடமாகப் படிப்பித்து வருகிறேன்’ என்ற தமிழை அப்படியே இறக்கியதால் வந்த வினை. முன்பு தொடங்கி இன்றும் நடக்கிற ஒன்றுக்கு “ஐ ஹாவ் பீன் டீச்சிங்” வேண்டும். எவ்வளவு காலம் என்றால் ‘ஃபார்’: “ஃபார் ஃபைவ் இயர்ஸ்.” எப்போதிலிருந்து என்றால் ‘சின்ஸ்’: “சின்ஸ் 2015.” படிப்பித்து விட்டுவிட்டீர்கள் என்றால் வெறும் இறந்தகாலம்: “ஐ டோட் இன் மூதூர் ஃபார் டூ இயர்ஸ்.”

ஏழாம் படி: மரபுத்தொடர்கள்

‘டீச் சம்வன் அ லெசன்’ என்பதற்கு நாம் விளக்கமே தேட வேண்டாம். ‘அவனுக்கு ஒரு பாடம் படிப்பிக்கவேணும்’ என்று கறுவும்போது யாரும் பலகையும் சோக்கும் எடுப்பதில்லை. இரண்டு மொழியிலும் அதே மிரட்டல்.

‘தட்’ல் டீச் யூ’ என்பதுதான் ஆளைக் கவிழ்க்கும். இதைப் படு, அப்போதுதான் புத்தி வரும் என்ற தொனி. பின்னால் ‘டு’ சேர்ந்தால் பொருள் தலைகீழ். “தட்’ல் டீச் யூ டு பீ லேட்” என்றால் பிந்தி வரக் கற்றுத்தரும் என்று இல்லை. இனிமேல் பிந்தி வரமாட்டாய் என்று அர்த்தம். நக்கலாகச் சொல்வதால் ‘நாட்’ இல்லாமலே ‘நாட்’ ஒளிந்திருக்கிறது. உள்ளூரில் ‘இன்னும் கடன் குடு, நல்லா இருக்கும்’ என்று சொல்கிறோமே, அதே வகை.

கிழட்டு நாய்க்குப் புது வித்தை கற்பிக்க முடியாது என்று ஒரு பழமொழி உண்டு. நம்முடைய ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ அதே இடத்தில் உட்காரும். பாட்டிக்கு முட்டை உறிஞ்சக் கற்பிக்காதே என்று இன்னொன்று. தெரிந்தவருக்கே சொல்லித் தரப் போகிற அதிகப்பிரசங்கித்தனத்தை அது குறிக்கும். மீன்குஞ்சுக்கு நீச்சல் பழக்கவேண்டுமா என்று நாம் கேட்பது அதைத்தான், என் காதுக்கு நம்முடையதே நன்றாக இருக்கிறது. ‘செல்ஃப்-டோட்’ என்றால் தானாகக் கற்றவர். இதில் ‘லேர்ன்ட்’ வராது. தனக்குத் தானே ஆசிரியர் என்ற கணக்கு.

எட்டாம் படி: இப்போது உங்கள் தாள்

கீழே உள்ளவற்றை விடையைக் கையால் மறைத்துக்கொண்டு செய்யுங்கள்.

‘அம்மம்மா எனக்குப் பிட்டு அவிக்கப் பழக்கினா.’ விடை: “மை கிராண்ட்மதர் டோட் மீ டு மேக் பிட்டு.” ‘ஹவ் டு’ போட்டாலும் முழுப் புள்ளி.

‘உங்களுக்கு இங்கிலீஷ் படிப்பித்தது யார்?’ விடை: “ஹூ டோட் யூ இங்கிலிஷ்?” ‘ஹூ டிட் டீச் யூ’ என்று எழுதினால் பிழை, படிப்பித்தவரையே கேட்பதால் ‘டிட்’ வராது.

‘இங்கே சிங்களமும் படிப்பிக்கிறார்கள்.’ விடை: “சிங்களா இஸ் ஆல்ஸோ டோட் ஹியர்.” ‘தே ஆல்ஸோ டீச் சிங்களா ஹியர்’ என்பதும் சரி.

‘கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகும் வழியைச் சொல்லித் தருவீர்களா?’ விடை: “குட் யூ டெல் மீ த வே டு த கன்னியா ஹாட் வெல்ஸ்?” இங்கே ‘டீச்’ எழுதியவர்கள் நான்காம் படிக்குத் திரும்பிப் போகவும்.

‘பத்து வருடமாகப் படிப்பித்து வருகிறேன்.’ விடை: “ஐ ஹாவ் பீன் டீச்சிங் ஃபார் டென் இயர்ஸ்.”

கடைசி, கொஞ்சம் கஷ்டமானது. நிலாவெளி ரோட்டில் ஹெல்மெட் இல்லாமல் போய்ப் பொலிசிடம் அகப்பட்ட கூட்டாளியைப் பற்றி, நக்கலாக, இனியாவது புத்தி வரட்டும் என்று சொல்லவேண்டும். விடை: “தட்’ல் டீச் ஹிம் டு ரைட் வித்தவுட் அ ஹெல்மெட்.” வகுப்பில் இதை எழுதியது ‘தோட்’ என்று எழுதிய அதே பிள்ளை. ‘நாட்’ எங்கே என்று மற்ற ஆறு பேரும் அவளோடு சண்டைக்குப் போனார்கள்.